எண்ணறிவின் நிலைகள்

எட்டும் ஐந்தும் கூடினால் எத்தனை என்று திருவண்ணாமலையிலுள்ள தொடக்கப் பள்ளியொன்றில் மூன்று சிறார்களைத் தனித்தனியே வினவுவதாக வைத்துக்கொள்வோம். மூவரும் பதின்மூன்று என்றே விடை கூறுகின்றனர். ஏட்டில் எழுதியிருந்தால் மூவர்க்கும் ஒரே மதிப்பெண்தான் கிடைத்திருக்கும். ஆயினும், அவ்விடையை அவர்கள் அடைந்த வழியைச் சற்றே உற்று நோக்குக. முதற் சிறுவன் எட்டுப் புளியங்கொட்டைகளை எண்ணி வைத்தான். பிறகு ஐந்தை எண்ணி வைத்தான். பின்னர் எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்து, ஒன்று, இரண்டு என மீண்டும் முதலிலிருந்தே எண்ணி முடித்தான். இரண்டாமவள் எட்டை மனத்தில் இருத்திக்கொண்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று ஐந்து விரல்களை மடக்கினாள். மூன்றாமவன் விரலை அசைக்கவே இல்லை. “ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டோடு சேர்த்தேன், பத்தாயிற்று. மிச்சம் மூன்று” என்றான்.

விடை ஒன்றே, வழிகள் மூன்று. இவற்றுள் எவ்வழி எவ்வளவு தொலைவு கொண்டுசெல்லும் என்பதே நாம் ஆராயத் தக்கது. நாற்பத்தெட்டோடு இருபத்தைந்தைக் கூட்டுக என்றால், முதற் சிறுவன் எழுபத்துமூன்று கொட்டைகளைத் தேட வேண்டும். இடையில் ஒன்று உருண்டோடினால் கணக்கும் உடன் உருண்டோடும். இரண்டாமவளுக்கு விரல்கள் பத்தே உள்ளன. இருபத்தைந்து முறை மடக்குவதற்குள் எத்தனை மடக்கினோம் என்பதே மறந்துபோம். மூன்றாமவனோ, இரண்டைக் கொடுத்து ஐம்பதாக்கி, எஞ்சிய இருபத்துமூன்றையும் சேர்த்து, எழுபத்துமூன்று என எளிதிற் கூறிவிடுவான். முதல் வகுப்பில் மறைந்திருந்த வேற்றுமை மூன்றாம் வகுப்பில் இவ்வாறு வெளிப்படுகின்றது. அப்பொழுது முதற் சிறுவனுக்குப் பிறர் இடும் பெயர் ‘மக்கு’ என்பது. அவன் மக்கு அல்லன். அவன் எந்தப் படியில் நிற்கின்றான் என்பதை உரிய காலத்தில் எவரும் கேட்டறியவில்லை, அவ்வளவே.

குழந்தைகளின் கணக்கறிவை அளப்போர் அதனை இரு கூறாகப் பிரித்து நோக்குவர். எண்களைப் பற்றி ஒரு குழந்தை அறிந்துவைத்திருப்பது ஒரு கூறு. எண்ணுப் பெயர்களை முன்னும் பின்னுமாகச் சொல்லுதல், எழுதிய இலக்கத்தை இனங்காணுதல், எந்த எண்ணுக்கு எது சேர்ந்தால் பத்தாகும் என அறிதல், வாய்பாட்டை நினைவிற் கொள்ளுதல் ஆகியன இதன்பாற்படும். அறிந்ததைக் கொண்டு அறியாததைக் கண்டுகொள்ளும் முறை மற்றொரு கூறு. இதனை உத்தி என்று சொல்லலாம். நூல் செய்வார்க்கு முப்பத்திரண்டு உத்திகளை வகுத்துத் தந்த நம் இலக்கண ஆசிரியர்க்கு இச்சொல் புதிதன்று. அறிவும் உத்தியும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன. எட்டு பத்தாவதற்கு இரண்டு வேண்டும் என்பதை அறியாதவன் மூன்றாம் சிறுவனின் வழியைப் பின்பற்ற இயலாது. அறிந்திருந்தும் அதனை எடுத்தாளத் தோன்றாதவனுக்கு அவ்வறிவு பெட்டியிற் பூட்டிவைத்த பொன்னே.

இனி, நிலைகளை ஒவ்வொன்றாகக் காண்போம். சில குழந்தைகள் ஒன்று முதல் இருபது வரை பாட்டுப்போல் இசையோடு ஒப்பிப்பர். பெற்றோரும் கேட்டு மகிழ்வர். ஆனால், “இந்தக் குவியலிலிருந்து ஏழு கொட்டைகளை எடுத்துத் தா” என்றால், விரல் ஒரு பக்கம் ஓடும். நா மற்றொரு பக்கம் ஓடும். ஒரு கொட்டைக்கு ஒரு பெயர் என்னும் ஒழுங்கு இன்னும் அமையவில்லை. வேறு சில குழந்தைகள் ஏழையும் செவ்வையாகத் தொட்டு எண்ணுவர். “ஆக எத்தனை?” என்று கேட்ட அளவில் மீண்டும் ஒன்று என்று தொடங்குவர். இறுதியிற் சொன்ன பெயரே மொத்தத்தின் அளவு என்பதை அவர்கள் அறியார். பெரியோர்க்கு இது சொல்லாமலே விளங்கும் செய்தி. குழந்தைக்கோ அது தானே கண்டடைய வேண்டிய பேருண்மை.

அடுத்த நிலையைக் கண்டறிவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. எட்டுக் கொட்டைகளைக் குழந்தையின் கண்முன்னே எண்ணி வைத்து, அவற்றின்மேல் ஒரு துணியைப் போர்த்துக. பக்கத்தில் ஐந்து கொட்டைகளைத் திறந்து வைத்து, எல்லாம் எத்தனை எனக் கேட்க. ஒரு குழந்தை துணியை நீக்க முயலும். பொருளைக் கண்டாலன்றி அதனால் எண்ண முடியாது. மற்றொரு குழந்தை துணியைத் தொடாது. ஆயின், அதன்மேல் விரலால் எட்டு முறை தட்டி, ஒன்றிலிருந்தே தொடங்கும். மறைந்த பொருளை அஃது அகக்கண்ணாற் காண்கின்றது. இஃது உயர்ந்த படி. ஆனால் இன்னும் நெடுவழி. பிறிதொரு குழந்தை துணியைச் சுட்டி எட்டு என்று மட்டும் சொல்லி, ஒன்பது முதல் தொடர்ந்து எண்ணும். எட்டு என்பது அதற்கு எட்டு ஒன்றுகளாக மட்டுமன்றி ஒரு முழுப் பொருளாகவும் அமைந்துவிட்டது. இவ்விடத்தில் மூன்றும் ஒன்பதும் எத்தனை என்று வினவினால் ஒரு நுட்பம் புலனாகும். மூன்றிலிருந்து ஒன்பது படி ஏறும் குழந்தையும் உண்டு. ஒன்பதிலிருந்து மூன்றே படி ஏறும் குழந்தையும் உண்டு. பின்னது இரண்டு எண்களையும் ஒருசேர நோக்கிய பின்னரே தொடங்குகின்றது.

இதற்கும் மேலான நிலையில் எண்கள் உடைக்கவும் ஒட்டவும் கூடியனவாகின்றன. எட்டும் எட்டும் பதினாறு என அறிந்த குழந்தை, எட்டும் ஏழும் அதனினும் ஒன்று குறைவு என உணர்கின்றது. அதன்பின் பெருக்கலும் வகுத்தலும் உத்திகளாகின்றன. நம் அண்ணாமலையைச் சுற்றிவரும் வழி 14 கிலோமீட்டர். அதனை நான்கு மணி நேரத்தில் நடந்தவர் மணிக்கு எவ்வளவு தொலைவு நடந்தார் எனக் கேட்டால், இந்நிலையை எய்திய மாணவன் எழுதுகோலைத் தேட மாட்டான். இரண்டு மணிக்கு ஏழு. ஒரு மணிக்கு அதிற் பாதி மூன்றரை என்பான்.

இங்கே மொழியைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். தமிழாசிரியனாகிய யான் அதனைக் கூறாது செல்லுதல் இயலாது. பதினொன்று, பதின்மூன்று என்னும் பெயர்களில் பத்து வெளிப்படையாக ஒலிக்கின்றது. ஆங்கிலத்தில் 11, 12 ஆகியவற்றின் பெயர்களில் பத்தின் ஒலி புலப்படுவதில்லை. இருபது, முப்பது என்பன இரண்டு பத்து, மூன்று பத்து எனத் தம்மைத் தாமே விளக்குகின்றன. ஆதலின், பத்துப் பத்தாகக் கட்டி எண்ணும் உத்திக்கு நம் மொழியே பாதி வழி காட்டிவிடுகின்றது. ஆனால், எண்பது வரை நேராகச் சென்ற அவ்வழி அடுத்த அடியில் வளைகின்றது. ஒன்பது பத்துகளுக்குப் பெயர் தொண்ணூறு. அதில் நூறு ஒலிக்கின்றது. ஒன்பது நூறுகளுக்குப் பெயர் தொள்ளாயிரம். அதில் ஆயிரம் ஒலிக்கின்றது. இவை பிறக்கும் முறையைத் தொல்காப்பியமும் நன்னூலும் புணர்ச்சி விதிகளால் விளக்கியுள்ளன. அவ்விதிகளை ஏழு வயதுக் குழந்தை எவ்வாறு அறியும்? எண்பத்தொன்பதை அடுத்து அது நின்று விழித்தாலும், தொண்ணூற்றைந்தை எழுதச் சொன்னபோது நூற்றுக்குரிய இலக்கத்தை முதலில் இட்டாலும், அதனைக் கணக்கறியாமை என்று தள்ளிவிடல் ஆகாது. அது செவிவழி வந்த மயக்கம்.

வாயாற் கேட்டு மனத்தால் விடை காணும் பயிற்சி நம் நாட்டிற்குப் பழமையானது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதற்கு முன்னும் ஊர்தோறும் இருந்த திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மாணவர் மணலில் விரலால் எழுதிப் பழகினர். பின்னர் ஓலையில் எழுதினர். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்னும் சுவடிகளை நாள்தோறும் முறைவைத்து ஒப்பித்தனர். உ. வே. சாமிநாதையர் தாம் சிறுவராய் இருந்தபோது பயின்ற இத்தகைய பள்ளிகளைத் தம் ‘என் சரித்திர’த்தில் காட்டியுள்ளார். இச்சுவடிகளை ஆராய்ந்து 2022ஆம் ஆண்டில் ஆங்கில நூலொன்றை வெளியிட்ட செந்தில் பாபு என்பார், அக்காலத்து மனனம் பொருளறியா ஒப்பித்தல் அன்று, கணக்கிடுதற்கு வேண்டிய கருவியே என்று எடுத்துக்காட்டுகின்றார்.

அக்கருவி எவ்வாறு அமைந்தது என்பதைக் காணல் இன்பம் பயக்கும். நெல்லிலக்கத்தில் ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. அதன்பின் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு; இரண்டு உழக்கு ஓர் உரி; இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். இரட்டித்தலும் பாதியாக்குதலும் அந்த அளவைகளிலேயே குடிகொண்டிருந்தன. கலத்திற்கு எத்தனை குறுணி என்றால், தூணிக்கு நான்கு, ஆகவே மும்மடங்கு பன்னிரண்டு என அன்றைய சிறுவன் படிப்படியாக ஏறிச் சென்றான். கீழ்வாயிலக்கத்தில் இதனினும் வியப்பு உண்டு. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. இவ்விரண்டும் சேர்ந்தது மாகாணி. மா என்பது நான்கு காணி. அதனோடு ஒரு காணி சேர, எண்பதில் ஐந்து, அஃதாவது பதினாறில் ஒன்று. பின்னங்களைக் கூட்டும் ஒரு கணக்கும் அதன் விடையும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. நாலு மாகாணி ஒரு கால் என்று ஒப்பித்தவன் இதனை உணர்ந்தே ஒப்பித்தானா என்பதைத்தான் ஆசிரியர் கேட்டறிய வேண்டியிருந்தது.

அப்பள்ளிகளில் வயதுக்கு ஒரு வகுப்பு என்னும் பிரிவு இல்லை. ஒவ்வொரு மாணவனும் தான் கற்று முடித்த இடத்திலிருந்து மேற்சென்றான். முன்னேறியவன் சட்டாம்பிள்ளையாய் இருந்து பின்வருவோர்க்கு முறை சொல்லிக்கொடுத்தான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்க்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் வழக்கத்தை இந்நாட்டுப் பள்ளியிற் கண்டு தம் பள்ளியிற் புகுத்தினார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைப் பற்றி 1797ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு நூலும் வெளியிட்டார். இவ்வளவும் பெருமைக்குரியன. ஆயினும், அத்திண்ணையில் ஏறும் உரிமை எல்லார்க்கும் இருந்ததில்லை. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் விலக்கப்பட்டனர். பெண் குழந்தைகள் மிக அரியராகவே இருந்தனர். பிழை செய்தவனைக் கயிற்றைப் பற்றித் தொங்கச் செய்யும் கோதண்டம் போன்ற கொடிய தண்டனைகளும் இருந்தன. அஞ்சி நடுங்கும் பிள்ளை தன் மனத்துள் ஓடும் வழியை வெளியிற் சொல்லாது. ஆகவே, அப்பழைய முறை எவ்வளவு கேட்டும், கேட்கத் தக்க ஒன்றைக் கேளாமலே விட்டது என்பது என் கருத்து.

அதனை முறைப்படி கேட்கும் முயற்சிகள் அண்மைக் காலத்தில் தோன்றின. நியூசிலாந்து நாட்டில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையோடும் தனித்திருந்து உரையாடி, அதன் எண்ணறிவையும் உத்தியையும் வேறு வேறாகக் குறித்துக்கொள்ளும் திட்டம் ஒன்று நடைபெற்றது. எண்ணத் தெரியாத நிலை முதல் விகிதங்களைக் கையாளும் நிலை வரை உத்திக்கு ஒன்பது படிகள் அதில் வகுக்கப்பட்டன. மேலே யாம் கண்ட படிகள் பலவும் அவ்வரிசையில் இடம்பெறுவன. நம் நாட்டில் பிரதம் என்னும் அமைப்பு 2005ஆம் ஆண்டு முதல் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளைச் சோதித்து வந்துள்ளது. ஒற்றை இலக்கத்தை அறிதல், ஈரிலக்க எண்ணை அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், மூவிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தல் என்னும் நான்கே படிகள் அதன் கணக்குத் தேர்வில் அமைந்தன. பரந்த நாட்டை அளப்பதற்கு அது போதும். ஒரு குழந்தையின் வழியை அறிவதற்குப் போதாது.

நம் மாநிலத்தில் நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த 2020, 2021ஆம் ஆண்டுகளின் இழப்பை ஈடுசெய்யும் பொருட்டு, 2022ஆம் ஆண்டு சூன் திங்களில் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளுக்காகத் தோன்றிய அது, அடுத்த கல்வியாண்டில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதில் குழந்தைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் எனப் பெயரிட்டனர். பூவின் பருவங்களுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என ஏழு பெயர் கண்ட மொழியிலிருந்து இம்மூன்றையும் தேர்ந்தவர் சுவையறிந்தவரே. மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரு குழந்தை கணக்கில் அரும்பு நிலையில் இருக்கலாம் என்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ற பாடத்தைத் தருவது இம்முறையின் சிறப்பு. அரும்பு என்பது குற்றமன்று, பருவம். ஆனால், பெயர் மட்டும் நல்லதாய் இருந்தாற் போதாது. சென்ற ஆண்டு அரும்பு என எழுதியதையே இவ்வாண்டும் பார்த்தெழுதினால், அழகிய அப்பெயரும் ‘மக்கு’ என்பதற்கு மறுபெயராகிவிடும்.

நிலையறிவதற்குச் சரியான விடையைக் காட்டிலும் தவறான விடை பெருந்துணை செய்வதுண்டு. அறுபத்துமூன்றிலிருந்து இருபத்தெட்டைக் கழிக்கச் சொன்னபோது ஒரு குழந்தை 45 என எழுதியது எனக் கொள்வோம். மூன்றிலிருந்து எட்டுப் போகாது என்று கண்டு, எட்டிலிருந்து மூன்றைக் கழித்திருக்கின்றது. ஆறிலிருந்து இரண்டைக் கழித்திருக்கின்றது. அது 63, 28 என்னும் இரண்டு எண்களைக் காணவில்லை. நான்கு தனித்தனி இலக்கங்களைக் கண்டது. அதே குழந்தையிடம், “உன் பாட்டிக்கு அறுபத்துமூன்று வயது, அத்தைக்கு இருபத்தெட்டு, பாட்டி எத்தனை வயது மூத்தவர்?” என்று வாய்மொழியாகக் கேட்டுப் பாருங்கள். இருபத்தெட்டிலிருந்து முப்பதுக்கு இரண்டு; அங்கிருந்து அறுபத்துமூன்றுக்கு முப்பத்துமூன்று; ஆக முப்பத்தைந்து என்று அது கூறினும் கூறலாம். அவ்வாறாயின், அதற்கு இல்லாதது கணக்கறிவு அன்று. தாளில் எழுதும் முறைக்கும் தன் மனக்கணக்குக்கும் இடையே ஒரு பாலம்.

இவ்வுண்மையைத் திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபக் காலத்தில் தெருவிலேயே காணலாம். தாயின் கடையில் துணையிருக்கும் சிறுமி அகல் ஒன்று நான்கு ரூபாய் என விற்கின்றாள். பன்னிரண்டு அகல் வாங்கியவர் நூறு ரூபாய்த் தாளை நீட்டுகின்றார். “பத்து அகல் நாற்பது, இரண்டு எட்டு, நாற்பத்தெட்டு, இரண்டு சேர்ந்தால் ஐம்பது, மேலும் ஓர் ஐம்பது” என்று ஐம்பத்திரண்டு ரூபாயை அவள் கையில் வைத்துவிடுகின்றாள். அவளே வகுப்பில் 100-இன் கீழ் 48-ஐ எழுதிக் கழிக்கும்போது, இரண்டு சுழிகளையும் கண்டு தடுமாறுதல் கூடும். கொல்கத்தாவிலும் தில்லியிலும் கடைத்தெருவில் வேலை செய்யும் சிறார்களைக் கொண்டு அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூப்லோ முதலிய அறிஞர் நடத்திய ஆராய்ச்சி 2025ஆம் ஆண்டில் வெளிவந்தது. விற்பனையிற் கடினமான கணக்குகளை மனத்தாற் செய்த அச்சிறார் பாடப் புத்தகக் கணக்குகளில் இடர்ப்பட்டனர் என்பதும், பள்ளியில் மட்டும் பயின்ற சிறார் கடைக்கணக்கில் இடர்ப்பட்டனர் என்பதும் அதன் முடிபு. ஓரிடத்துப் பெற்ற திறம் மற்றோரிடத்திற்குத் தானே சென்று சேர்வதில்லை. அகல் விற்கும் சிறுமியை ஏட்டுத் தேர்வு ஒன்றைக் கொண்டே அரும்பில் நிறுத்தினால், அவளுக்கு நாம் அநீதி இழைத்தவராவோம்.

ஆதலின், சோதிக்கும் முறையிற் சில கருத்துகளைப் போற்ற வேண்டும். குழந்தையைத் தனியே அழைத்துக் கேட்டல் நலம்; பிறர் முன்னிலையில் அது தன் வழியை மறைக்கும். விடை சரியாயினும் பிழையாயினும், “எப்படிக் கண்டாய்?” என்று கேட்க வேண்டும். பிழைத்தபோது மட்டும் அவ்வாறு கேட்டால், அவ்வினாவே கண்டனமாகிவிடும். கேட்டபின் காத்திருக்க வேண்டும். “விரலை மடக்காதே” என்று சிலர் அதட்டுவர். அதனால் குழந்தை விரல் எண்ணுவதை விடுவதில்லை. பலகையின் கீழே மறைத்து எண்ணப் பழகுகின்றது. ஆசிரியருக்கோ தாம் காண வேண்டிய சான்று கண்ணினின்றும் மறைந்துபோகின்றது. முப்பது குழந்தைகளையும் தனித்தனியே வினவ நேரம் ஏது என்பார்க்கு விடை உண்டு. மற்றையோர் எழுதிக்கொண்டிருக்கையில் நாளைக்கு மூவரை அழைத்தால், பத்துப் பள்ளி நாட்களில் முப்பதின்மரும் முடிந்துவிடுவர்.

வினாக்களையும் ஊரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அண்ணாமலையார் கோயிலின் கிழக்குக் கோபுரம் 217 அடி உயரம் உடையது. பதினொரு நிலைகள் கொண்டது. ஒரு நிலைக்குச் சராசரி எத்தனை அடி என்று ஐந்தாம் வகுப்பு மாணவியை எழுதாமல் விடை கூறச் சொல்வோம். அவள் சற்றே மேல்நோக்கி, “பதினோர் இருபது இருநூற்றிருபது, மூன்று அடி மிகுதியாகிவிட்டது, ஆகவே இருபதைவிடச் சிறிது குறைவு” என்கின்றாள். எவ்வளவு குறைவு என்று அடுத்துக் கேட்க வேண்டும். அந்த மூன்றடியைப் பதினொரு நிலைகளுக்கும் பங்கிடுதற்குப் பின்னம் வேண்டும். அவளுக்குரிய அடுத்த பாடம் அதுவே.